இரு மொழிகளும் அவற்றின் காவலர்களும்

கி.பி. 1877ஆம் ஆண்டில், உதுமானியப் பேரரசின் தலைநகராகிய இஸ்தான்பூலில் ஒரு மார்க்கச் சட்ட நூல் அச்சேறிற்று. பயானுத்தீன் என்பது அதன் பெயர். 'மார்க்க விளக்கம்' என்று தமிழில் கூறலாம். தூய்மை, தொழுகை, ஜகாத், நோன்பு, அறுப்பின் முறை, உண்ணத் தக்கவை, தகாதவை ஆகியவற்றின் சட்டங்களை எடுத்துரைக்கும் நூல் அது. அரபு எழுத்திலேயே அமைந்தது. அரபியர் ஒருவர் அதனை எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். ஆனால் அதில் எழுதப்பட்டிருக்கும் மொழி அவருக்குப் புரியாது. துருக்கியருக்கும் புரியாது. அந்நகரிலிருந்து பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், ஆப்பிரிக்காவின் தென்கோடியிலே, கேப் நகரத்து முஸ்லிம்கள் தம் வீடுகளில் பேசிய மொழி அது. ஆம், இன்று ஆப்பிரிக்கான்ஸ் என்று உலகம் அழைக்கும் மொழி!

அரபுத் தமிழில் 'மகானி' ஓதிய பாட்டிமார்களைக் கண்ட குடும்பத்தினருக்கு இச்செய்தி பெரு வியப்பை அளிக்காது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மக்களுக்குச் செய்த பணியைத்தான் அதே நூற்றாண்டில் கேப் நகரத்து மக்களுக்கு அபூபக்கர் எஃபந்தி என்னும் ஆலிம் செய்தார். வியப்பளிக்கும் செய்தி வேறொன்று உண்டு. ஆப்பிரிக்கான்ஸ் வெள்ளையரின் மொழி, நிறவெறி ஆட்சியின் மொழி என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணி வந்திருக்கிறோம். அவ்வாறு எண்ணும்படி அம்மொழிக்குச் சட்டமும் அகாடமியும் அகராதியும் அமைத்தவர்கள் செய்துவிட்டார்கள்.

ஒரு மொழியைப் பேசுவோர் ஒருவராகவும் அதற்கு விதி வகுப்போர் வேறொருவராகவும் இருந்தால் என்ன நேரும்? இதனை ஆராய ஆப்பிரிக்கான்ஸோடு மற்றொரு மொழியையும் அருகில் வைத்துப் பார்த்தல் நலம். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் வழங்கும் கலீசிய மொழியே அது. இரண்டையும் தாய்மொழியாகக் கொண்டோர் பல லட்சவர். இரண்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூன்றே ஆண்டு இடைவெளியில், தத்தமக்கென ஓர் அகாடமியைப் பெற்றன. இரண்டுமே, தம்மினும் பெரிய உறவு மொழி ஒன்றின் கொச்சை வடிவம் என்று இகழப்பட்டவை. ஆயினும் ஒன்று அரியணை ஏறி அதனாலேயே பழி சுமந்தது. மற்றது நெடுங்காலம் அடுப்படியிலேயே இருந்துவிட்டது.

கேப் நகரில் பிறந்த மொழி

1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் யான் வான் ரீபீக் என்பவர் நன்னம்பிக்கை முனையில் ஒரு தங்குதுறையை அமைத்தார். கீழைக் கடல்களுக்குச் செல்லும் கப்பல்களுக்கு நீரும் காய்கறியும் இறைச்சியும் கொடுப்பதே அதன் நோக்கம். வேலைக்கு ஆள் வேண்டுமே! கம்பெனி அடிமைகளைக் கொணர்ந்தது. மடகாஸ்கரிலிருந்தும், இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும், வங்காளத்திலிருந்தும், மலபாரிலிருந்தும், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும், இலங்கையிலிருந்தும் மனிதர்கள் விலைப் பொருளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அம்மண்ணின் பூர்வ குடிகளான கோய் மக்களும் பண்ணைகளில் ஊழியரானார்கள். இத்தனை மொழியினரும் எசமானரோடும் தமக்குள்ளேயும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டியிருந்தது. டச்சு மொழி அவர்கள் நாவிலே உருமாறிற்று. வினைச்சொற்கள் இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும் வழக்கத்தை விட்டன. எதிர்மறை வாக்கியத்தில் 'இல்லை' என்னும் சொல்லை இருமுறை கூறும் வழக்கம் நிலைத்தது. மலாய்ச் சொற்கள் தாராளமாகப் புகுந்தன. வாழைப்பழத்துக்கு 'பிசாங்', 'மிகுதி' என்பதற்கு 'பாயா' எனும் மலாய்ச் சொற்களே இன்றும் வெள்ளை ஆப்பிரிக்கானர் வீட்டிலும் வழங்குகின்றன. கட்டிலைக் குறிக்கும் 'காட்டல்' என்ற சொல், போர்த்துக்கீசியர் மலாயர் வாய்களின் வழியே அங்குச் சென்றடைந்த நம் 'கட்டில்' தான் என்பர் சொல்லாராய்ச்சியாளர். 'கெர்ரி' என்பது நம் கறியே.

அடிமைகளோடு அரசியல் கைதிகளும் வந்தார்கள். மக்காஸரைச் சேர்ந்த ஷெய்கு யூசுஃப் அவர்களை டச்சுக்காரர் முதலில் இலங்கையில் சிறை வைத்தனர். அங்கிருந்தும் அவருடைய கடிதங்கள் ஹாஜிகளின் கைகளில் தாயகம் செல்வதைக் கண்டு அஞ்சி 1694இல் அவரைக் கேப்புக்கு நாடு கடத்தினர். 1699இல் அவர் அங்கே காலமானார். அவர் வாழ்ந்த இடத்தின் அருகே இன்றும் மக்காஸர் என்றே பெயர் பூண்ட ஊர் உள்ளது. 1780இல் கொணரப்பட்ட திதோர் தீவின் இமாம் அப்துல்லாஹ் அவர்களை மக்கள் 'துவான் குரு' என்று அழைத்தனர். ரொபன் தீவுச் சிறையிலே திருக்குர்ஆனை மனப்பாடத்திலிருந்து தம் கையாலேயே எழுதியவர் அவர். விடுதலையான பின்னர் 1793இல் கேப் நகரில் ஒரு மதரஸாவை நிறுவினார். அடிமைகளின் பிள்ளைகளும் விடுதலை பெற்ற கறுப்பரின் பிள்ளைகளும் அங்கே ஓதினார்கள்.

மொழி வரலாற்றுக்கு இந்த மதரஸாக்கள் செய்த உதவியை எவ்வளவு கூறினாலும் தகும். மாணவன் ஆசிரியர் சொல்வதை எழுதி மனனம் செய்யும் ஏடு ஒன்றை வைத்திருந்தான். தொடக்கத்தில் பாட மொழி மலாயாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நடைபெறுகையில் வீட்டு மொழியான ஆப்பிரிக்கான்ஸ் அந்த இடத்தைப் பிடித்தது. எழுத்து மட்டும் அரபு எழுத்தே. அரபியில் இல்லாத ஒலிகளுக்கு மலாயர் ஏற்கெனவே புள்ளியிட்டு உண்டாக்கிய எழுத்துகள் கைகொடுத்தன. வேற்று மொழியை எழுதும்போது ஜபர், ஜேர், பேஷ் குறிகளை விடாமல் இட்டாக வேண்டுமல்லவா? ஆகவே, அன்றைய மக்கள் ஒவ்வொரு சொல்லையும் எவ்வாறு ஒலித்தார்கள் என்பது அந்த ஏடுகளில் அப்படியே பதிவாகிவிட்டது. அதே காலத்தில் படித்த வெள்ளையர் பேசியது ஒன்று, எழுதியது மற்றொன்று. பேனாவை எடுத்தவுடன் அவர்கள் ஹாலந்து நாட்டு இலக்கண டச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

அபூபக்கர் எஃபந்தி இக்காலத்தில்தான் வருகிறார். கேப் முஸ்லிம்களுக்கிடையே எழுந்த மார்க்கச் சச்சரவுகளைத் தீர்க்க ஓர் ஆலிம் வேண்டுமென்ற கோரிக்கை பிரிட்டிஷ் அரசின் மூலம் உதுமானிய சுல்தானுக்குச் சென்றது. குர்து இனத்தவரான எஃபந்தி 1863 ஜனவரியில் கேப் நகரில் கரையிறங்கினார். சச்சரவைத் தீர்க்க வந்தவர் புதிய சச்சரவுக்கும் காரணமானார் என்பது வேறு கதை. அவர் ஹனஃபி மத்ஹபினர். கேப் மக்களோ பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். அக்கடலில் ஏராளமாகக் கிடைக்கும் கல் இறாலை உண்ணலாகாது என்று அவர் தீர்ப்புக் கூறியதும் ஊரே இரண்டுபட்டது. நம் கடற்கரை ஊர்களின் வாசகர்கள் அந்தக் கொந்தளிப்பை எளிதில் கற்பனை செய்துகொள்வார்கள்! எனினும் அம்மக்களின் பேச்சு மொழியைச் சில ஆண்டுகளில் கற்று, அதிலேயே நூல் எழுதினார் என்பதால் அவருடைய பெயர் மொழி வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1880இல் அவர் கேப் நகரிலேயே மறைந்தார்.

அகாடமி வந்தது

கேப் நகருக்கு வடகிழக்கே பார்ல் என்னும் ஊர் உள்ளது. அங்கே 1875 ஆகஸ்டு 14ஆம் நாள் வெள்ளையர் சிலர் கூடி 'உண்மை ஆப்பிரிக்கானர் சங்கம்' என்றோர் அமைப்பைத் தொடங்கினர். பாதிரியார் எஸ்.ஜே. தூ தாய் என்பவர் அதன் முன்னணியில் நின்றார். மறு ஆண்டே 'ஆப்பிரிக்கான்ஸ் பேட்ரியாட்' எனும் பத்திரிகையை வெளியிட்டனர். இதுவே ஆப்பிரிக்கான்ஸ் மொழி இயக்கத்தின் தோற்றமெனப் பள்ளிப் பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்து வந்தன. அந்நேரத்தில் பயானுத்தீன் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. மதரஸா ஏடுகள் ஒரு தலைமுறைப் பழமை பெற்றிருந்தன. அவற்றைப் பற்றி அப்பாடநூல்களில் ஒரு வரிகூட இல்லை.

அவர்கள் நோக்கில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டிஷார் 1806 முதல் கேப்பை ஆண்டனர். ஆங்கிலமே ஆட்சி மொழி என்றனர். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரிலே வென்ற பின்னர் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் புகுத்தினர். டச்சு பேசிய குழந்தைகள் தண்டனை பெற்றனர். இகழப்பட்டவர் தம் மொழியைக் காக்க எழுந்தார்கள். 1909இல் அகாடமி அமைந்தது. தென்னாப்பிரிக்க அறிவியல் கலை அகாடமி என்பது அதன் இன்றைய பெயர். அதன் உறுப்பாகிய மொழிக்குழு 1917இல் 'சொற்பட்டியலும் எழுத்து விதிகளும்' என்ற நூலை வெளியிட்டது. அந்நூல் திருத்தம் பெற்றுப் பெற்று 2017இல் பதினோராம் பதிப்பை எட்டிற்று. பள்ளியும் பத்திரிகையும் பதிப்பகமும் அதனையே கையில் வைத்திருக்கின்றன. மொழிக்குழுவின் விதியை மீறினால் தண்டனை எதுவுமில்லை. ஆனால் மீறுபவன் எழுதத் தெரியாதவன் என்று பெயர் வாங்குவான். சட்டத்தினும் இதற்கு வலிமை மிகுதி.

சட்டமும் வந்தது. 1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது ஆங்கிலமும் டச்சும் ஆட்சி மொழிகள். 1925ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் 'டச்சு என்னும் சொல் ஆப்பிரிக்கான்ஸையும் உள்ளடக்கும்' என்றது. 1961 அரசியலமைப்போ 'ஆப்பிரிக்கான்ஸ் என்னும் சொல் டச்சையும் உள்ளடக்கும்' என மாற்றிக் கூறிற்று. மகள் தாயின் பெயரைச் சொல்லி வீட்டினுள் நுழைந்தாள். முப்பத்தாறே ஆண்டுகளில் தாயைத் தன் பெயருக்குள் அடக்கிவிட்டாள்! அச்சட்டங்களை இயற்றிய மன்றங்களில் அம்மொழியைப் பேசிய முஸ்லிம்களுக்கோ பிற கலப்பின மக்களுக்கோ இடமிருக்கவில்லை.

விதி வகுத்தவர்கள் எந்தப் பேச்சை அளவுகோலாகக் கொண்டார்கள் என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. ஆப்பிரிக்கான்ஸில் பெருவழக்குகள் மூன்று என்பர் அறிஞர். கிழக்கு எல்லைப் பண்ணையாளரின் வழக்கு ஒன்று. ஆரஞ்சு ஆற்றங்கரையில் கோய் வழி மக்கள் பேசுவது மற்றொன்று. கேப் நகரத்து உழைப்பாளரும் முஸ்லிம்களும் பேசும் 'காப்ஸ்' மூன்றாவது. முதலாவதே நல்ல மொழி என்று அச்சேறிற்று. ஏனைய இரண்டும் கொச்சை, கேலிக்குரியவை என்று ஒதுக்கப்பட்டன. மொழி பிறந்த ஊரின் பேச்சே இழிந்த பேச்சாகிவிட்டது. 'தயவு செய்து' என்பதற்கு 'கனாலா' என்றும், நன்றி கூற 'திரமகாஸி' என்றும், பெருநாளுக்கு 'லபரங்' என்றும், நோன்புக்கு 'புவாஸா' என்றும் சொன்னவர்களின் பேச்சு அது. 'கனாலா' என்பது 'அல்லாஹ்வுக்காக' எனும் பொருளுடைய மலாய்த் தொடரின் சிதைவு. ஒருவருக்கொருவர் உதவி வாழ்ந்த மக்களின் பேட்டையாகிய ஆறாம் வட்டத்துக்கு அச்சொல்லைக் கொண்டே 'கனாலா ஊர்' என்றொரு செல்லப் பெயர் வழங்கிற்று. 1966இல் அரசு அவ்வட்டத்தை வெள்ளையருக்கென ஒதுக்கிற்று. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. வெளியேற்றப்பட்டவரின் வீட்டு மொழியிலேயே அரசின் கோப்புகளும் எழுதப்பட்டன என்பதை நினைக்கையில் நெஞ்சம் கனக்கிறது.

1975இல் பார்ல் நகரின் மலைச்சரிவிலே ஆப்பிரிக்கான்ஸுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். ஒரு மொழிக்கு அவ்வளவு பெரிய நினைவுச் சின்னம் அரிது. ஐரோப்பாவுக்கென உயர்ந்த தூண்கள், ஆப்பிரிக்காவுக்கெனக் குவிமாடங்கள், மலாய் மொழிக்கென ஒரு சுவர். ஒரு சுவராவது கிடைத்ததே என்று மகிழ்வதா, சுவர் மட்டும்தானா என்று வருந்துவதா? மறு ஆண்டிலேயே அந்த மொழிக்கு ஆறாத வடு உண்டாயிற்று. கறுப்பினப் பிள்ளைகள் கணிதத்தையும் சமூகக் கல்வியையும் ஆப்பிரிக்கான்ஸில்தான் கற்க வேண்டும் என்று 1974இல் பிறப்பித்த ஆணையை எதிர்த்து, 1976 ஜூன் 16ஆம் நாள் சொவேட்டோ மாணவர்கள் ஊர்வலமாகச் சென்றனர். காவல்துறை சுட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனின் உடலைச் சுமந்து ஓடும் இளைஞனின் நிழற்படம் உலகெங்கும் பரவிற்று. அன்று மூண்ட தீ மாதக்கணக்கில் எரிந்தது, மாண்டோர் நூற்றுக்கணக்கானோர். ஜூலையிலேயே கட்டாயத்தை அரசு கைவிட்டது. ஆனால் 'ஒடுக்குவோரின் மொழி' என்ற பட்டம் கைவிட்டுப் போகவில்லை.

கலீசியாவின் கதை

இனி ஸ்பெயினுக்குச் செல்வோம். மழை மிகுந்த, பச்சை படர்ந்த வடமேற்கு மூலை. மீனவரும் சிறு விவசாயிகளும் நிறைந்த நாடு. லா கொருன்யா, லூகோ, ஒவுரென்ஸே, பொந்தேவேத்ரா என்னும் நான்கு மாவட்டங்கள்; மக்கள் தொகை 27 லட்சம் அளவில். எல்லைக்கு வெளியே அஸ்தூரியஸ், லியோன், ஸமோரா மாநிலப் பகுதிகளின் மேற்கோரங்களிலும் இம்மொழி கேட்கிறது. அந்தலூஸ் வரலாறு படித்தோர் கலீசியாவை அறிவர். 997இல் ஹாஜிப் அல்மன்ஸூர் படையெடுத்துச் சென்ற சந்தியாகோ நகரம் கலீசியாவில்தான் உள்ளது. முஸ்லிம் ஆட்சி அங்கே வேரூன்றவில்லை. எனினும் 'அல்தேயா' எனக் கிராமத்தையும், 'அஸூக்ரே' எனச் சர்க்கரையையும் கலீசியர் கூறும்போது அரபியின் சாயல் தெரிகிறது. 'அல்லாஹ் நாடினால்' என்னும் கருத்திலிருந்து வந்த 'ஒஷாலா' அவர்கள் வாயிலும் உண்டு.

இடைக்காலத்தில் இம்மொழி இகழப்படவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஐபீரியத் தீபகற்பத்தின் பெரும் பகுதியில் இசைப்பாடல்களுக்குரிய மொழி அதுவே. அரபி நூல்களை மொழிபெயர்க்கச் செய்து புகழ்பெற்ற காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ, உரைநடையைக் காஸ்டிலியத்தில் எழுதுவித்தார். நானூறுக்கும் மேற்பட்ட பக்திப் பாடல்களை மட்டும் கலீசியத்திலேயே தொகுத்தார். அப்போது போர்த்துக்கீசியமும் கலீசியமும் ஒரே மொழி. மின்யோ ஆற்றுக்குத் தெற்கே போர்ச்சுகல் தனி அரசாயிற்று. அதன் மொழி கப்பலேறிக் கோவாவுக்கும் பிரேசிலுக்கும் சென்றது. ஆற்றுக்கு வடக்கே நின்றுவிட்ட பாதி காஸ்டில் அரசரின் ஆட்சியில் சிக்கிற்று. நீதிமன்றம், தேவாலயம், பள்ளி யாவும் காஸ்டிலியம். பதினாறு முதல் பதினெட்டு வரையிலான நூற்றாண்டுகளைக் கலீசியர் 'இருண்ட நூற்றாண்டுகள்' என்றே குறிப்பிடுகின்றனர். பேச்சு சாகவில்லை, எழுத்துதான் செத்தது.

1863இல் ரொஸாலியா தெ காஸ்த்ரோ என்னும் பெண்மணி கலீசியப் பாடல்களின் நூலொன்றை வெளியிட்டார். எஃபந்தி கேப் நகரில் கரையிறங்கிய அதே ஆண்டு! மறுமலர்ச்சி அந்நூலோடு தொடங்கிற்று. இலக்கணம் கற்க ஒரு பள்ளியும் இல்லாத நிலையில், கேட்டுப் பழகிய ஊர்ப் பேச்சையே எழுதியதாக அவர் தம் முன்னுரையில் ஒப்புக்கொண்டார். மே 17ஆம் நாளையே அந்நூலின் நினைவாகக் 'கலீசிய இலக்கிய நாள்' என்று 1963 முதல் கொண்டாடி வருகின்றனர்.

அகாடமி பிறந்த கதை சுவையானது. வறுமையால் லட்சக்கணக்கான கலீசியர் கியூபாவுக்கும் அர்ஜென்டீனாவுக்கும் கப்பலேறினர். இன்றும் அர்ஜென்டீனாவில் எந்த ஸ்பானியரையும் 'கயேகோ', அதாவது கலீசியர் என்றே அழைப்பார்கள். ஹவானா நகரில் பொருளீட்டிய இம்மக்களே பணம் திரட்டி, தாயகத்தில் 1906இல் லா கொருன்யாவில் கலீசிய அரச அகாடமி நிறுவப்படக் காரணமானார்கள். ரொஸாலியாவின் கணவர் மனுவேல் முர்கியா அதன் முதல் தலைவர். கலீசிய நாட்டுப்பண் முதன்முதலில் இசைக்கப்பட்டதும் 1907இல் ஹவானாவிலேதான். கடல் கடந்து சென்றவர்கள் ஊரை நினைத்து ஊருக்குச் செய்யும் காரியங்களை நாமும் அறிவோம். பினாங்கிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த பணத்தில் எழுந்த மதரஸாக்கள் நம்மிடையே எத்தனை!

ஆனால் இந்த அகாடமியிடம் ஆட்சி இல்லை. 1936இல் தன்னாட்சிச் சட்டத்துக்கு மக்கள் வாக்களித்தனர். சில வாரங்களில் உள்நாட்டுப் போர் மூண்டது. வென்றவர் ஜெனரல் பிராங்கோ. கலீசியாவின் ஃபெரோல் நகரில் பிறந்தவர் அவர். தம் சொந்த மண்ணின் மொழியைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒலிக்கவிடாமல் செய்தவரும் அவரே. கலீசிய அரசியல் சிந்தனையின் தலையாய நூலாகிய கஸ்தெலாவோவின் 'என்றும் கலீசியாவில்' 1944இல் புவெனோஸ் அயர்ஸில்தான் அச்சாக முடிந்தது.

பிராங்கோ 1975இல் மறைந்தார். 1978 அரசியலமைப்பும் 1981 தன்னாட்சிச் சட்டமும் கலீசியத்தைக் காஸ்டிலியத்தோடு இணை ஆட்சி மொழியாக்கின. 1982இல் அகாடமியும், சந்தியாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலீசிய மொழி நிறுவனமும் கூடி எழுத்து விதிகளை வகுத்தன. 1983இன் மொழிச் சட்டம் அவ்விதிகளுக்கு அகாடமியே அதிகாரி என அறிவித்தது. ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்குழுவுக்குப் பழக்கத்தால் கிடைத்த அதிகாரம் இங்கே சட்டத்தாலேயே கிடைத்தது. ஆனால் அதே சட்டம் 'கலீசியர் யாவரும் கலீசியம் அறிந்திருத்தல் கடமை' என்று சொன்ன பகுதியை ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1986இல் செல்லாதென்றது. காஸ்டிலியத்தை அறிவது ஒவ்வொரு ஸ்பானியருக்கும் கடமை; கலீசியத்தை அறிவது உரிமை மட்டுமே. இரு மொழிகளும் இணை என்ற சொல்லுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வு அந்த ஒரு தீர்ப்பிலே வெளிப்பட்டது.

விதி வகுத்ததிலும் பூசல் உண்டு. 'ஞ' ஒலியை எவ்வாறு எழுதுவது? காஸ்டிலியர் போல ஓரெழுத்தின் தலைமேல் சுழியிடுவதா, போர்த்துக்கீசியர் போல ஈரெழுத்துகளைச் சேர்ப்பதா? அகாடமி சுழியை ஏற்றது. போர்த்துக்கீசியத்தோடு மீண்டும் இணைய வேண்டும் என்போர் இதனை ஏற்கவில்லை. பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இந்தச் சுழியின் பின்னால் பெரிய வழக்கு இருக்கிறது. நாம் ஸ்பெயினுக்குள் அடங்கிய சிற்றூர் மொழியா, அல்லது பிரேசில் வரை இருபது கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழியின் தாய்வீடா என்பதே அந்த வழக்கு. 2003இல் விதிகளைத் திருத்தியபோது அகாடமி மறுதரப்பை நோக்கிச் சற்றே நகர்ந்தது. நன்றி கூறும் சொல்லின் காஸ்டிலிய வடிவமான 'கிராஸியஸ்' போய்க் 'கிராஸஸ்' வந்தது. இணைப்புக் கொள்கையின் மூத்த அறிஞர் ரிக்கார்தோ கர்பால்யோ கலேரோவுக்கு 2020ஆம் ஆண்டின் இலக்கிய நாள் உரித்தாக்கப்பட்டது. அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே அகாடமிக்கு அதற்கு மனம் வந்தது.

பள்ளியில் கணிதம் எம்மொழியில் என்பதே கலீசியாவிலும் தெருவுக்கு வந்த பிரச்சினை. 2007 ஆணை கணிதத்தைக் கலீசியத்தில் கற்பிக்கச் சொல்லிற்று. 2010இல் வந்த 79ஆம் இலக்க ஆணை கணிதம், இயற்பியல், வேதியியல், தொழில்நுட்பம் ஆகியவற்றைக் காஸ்டிலியத்துக்கு மாற்றிற்று. சந்தியாகோ வீதிகளில் மக்கள் திரள் திரளாக ஊர்வலம் வந்தனர். சொவேட்டோவின் குருதி இங்கே சிந்தவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது மாண்டவர்க்குச் செய்யும் அநீதி. ஆயினும் ஓர் ஒற்றுமை கவனிக்கத் தக்கது. கதையும் பாட்டும் எம்மொழியிலேனும் இருக்கட்டும் என்று விட்டுவிடும் அரசுகள், கணக்குப் பாடத்தை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. எந்த மொழியில் பிழைப்பு இருக்கிறது என்பதைப் பிள்ளை அந்த வகுப்பில்தான் கற்றுக்கொள்கிறது.

இன்று

2011 கணக்கெடுப்பின்படி தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 68 லட்சம். மக்கள் தொகையில் 13.5 விழுக்காடு. இவர்களில் பாதிப் பேர் கலப்பினத்தவர். வெள்ளையர் நாற்பது விழுக்காட்டளவே. 2022இல் அம்மொழியை வீட்டில் பேசுவோர் 10.6 விழுக்காடாகக் குறைந்தனர். மேற்குக் கேப், வடக்குக் கேப் மாகாணங்களே அதன் கோட்டைகள். அண்டை நாடான நமீபியாவில் 1990 விடுதலையோடு அது ஆட்சி மொழி என்னும் நிலையை இழந்தது. சந்தையிலும் பணியிடத்திலும் பல இனத்தவர்க்குப் பொது மொழியாக இன்றும் நீடிக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு பதினொரு மொழிகளை ஆட்சி மொழிகளாக்கிற்று. 2023இல் சைகை மொழி பன்னிரண்டாவதாயிற்று. அனைத்து மொழிகளையும் கவனிக்க 1995இல் அரசே ஒரு மொழி வாரியத்தை அமைத்தது. எனவே ஆப்பிரிக்கான்ஸுக்கு இன்று காவலர் இருவர்: பழைய அகாடமி, புதிய வாரியம். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் ஆங்கிலத்துக்கு முதன்மை அளித்தது செல்லும் என்று 2019இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அஞ்சல்வழிக் கல்வி தரும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஆப்பிரிக்கான்ஸை நீக்கியது செல்லாது என்று 2021இல் அதே நீதிமன்றம் கூறிற்று. இரண்டாவது தீர்ப்பிலே, இம்மொழியைப் பேசுவோரில் பெரும்பான்மையோர் வெள்ளையர் அல்லர் என்பதும் நினைவூட்டப்பட்டது.

கலீசியத்தின் நிலை வேறு. சட்டம் இருக்கிறது, தொலைக்காட்சி 1985 முதல் இருக்கிறது, 2023 செப்டம்பரில் மத்ரித் நாடாளுமன்ற அவையிலும் அம்மொழியில் பேச அனுமதி கிட்டிற்று. முன்னர் எழுத்தறியாதிருந்த மொழியில் இன்று கலீசியரில் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறிவர். ஆனால் வீட்டில் பேசுவது குறைந்துகொண்டே போகிறது. காஸ்டிலியத்தை எப்போதும் அல்லது பெரும்பாலும் பேசுவோர் தொகை முதன்முறையாக மிஞ்சிவிட்டதென 2023 கணக்கெடுப்பு காட்டிற்று. இருண்ட நூற்றாண்டுகளில் எழுத்தின்றிப் பேச்சு வாழ்ந்தது. இப்போது எழுத்து வாழ்கிறது, நகரத்துப் பிள்ளைகளின் வாயில் பேச்சைக் காணோம்.

அரபு எழுத்து ஏடுகள் என்னவாயின? ஹாலந்தில் பிறந்த பேராசிரியர் ஃபான் செல்ம்ஸ் பயானுத்தீனை ரோமன் எழுத்தில் பெயர்த்தார். முழு வாசகமும் 1979இல் வெளிவந்தது. ஜெர்மானியரான ஹான்ஸ் கேலர் 1971இல் இவ்வேடுகளைப் பற்றி ஒரு நூலையே எழுதினார். பின்னர் கேப் முஸ்லிம் சமுதாயத்திலேயே பிறந்த அஹ்மத் டேவிட்ஸ் வீடு வீடாகச் சென்று, பெட்டிகளிலும் பரண்களிலும் கிடந்தவற்றைத் தேடினார். எழுபதுக்கு மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் இன்று அறியப்பட்டுள்ளன. 1815 முதல் 1915 வரையிலான கேப் முஸ்லிம்களின் ஆப்பிரிக்கான்ஸ் பற்றி அவர் 1991இல் அளித்த ஆய்வு, அவர் 1998இல் மறைந்த பின்னர், 2011இல்தான் நூலாக வந்தது. ஆப்பிரிக்கான்ஸின் பிறப்பை எழுதுவோர் இப்போது மதரஸாவைத் தவிர்த்து எழுத இயலாது.

காப்ஸ் வழக்கில் துணிந்து எழுதிய கலப்பினக் கவிஞர் ஆடம் ஸ்மாலின் புகழ்பெற்ற நாடகம் 1965இல் வெளிவந்தது. அகாடமியின் உயர்ந்த ஹெர்ட்சாக் பரிசு அவருக்கு 2012இல்தான் வழங்கப்பட்டது. அப்போது அவர் வயது 75. அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 2021இல், மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தினர் காப்ஸ் வழக்குக்கு ஒரு மும்மொழி அகராதிப் பணியைத் தொடங்கினர். காப்ஸ் சொல்லுக்கு ஒருபுறம் ஆங்கிலத்திலும் மறுபுறம் அகாடமியின் ஆப்பிரிக்கான்ஸிலும் பொருள் கூறும் அகராதி அது.